மழை யார் ஆட்சியில் பெய்தது?

தேர்தல் நெருங்கினால் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். செங்கல்பட்டுப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய ஊர். கடைசியாக நான் கேட்டது இப்படி ஆரம்பித்தது.

"இவங்க வந்தாலே வானம் பொத்துக்கும்ணா. 96ல பாத்தோம்ல? மே மாசம் ஆட்சி மாறுச்சு, ஜூன்ல சென்னையே மிதந்துச்சு. 2021லயும் அதே கதைதான்."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் விடவில்லை. "அப்ப 2015ல பேஞ்சது என்னப்பா? 2005ல வயலெல்லாம் முழுகிப்போச்சே, அப்ப யாரு இருந்தா?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. 1996 ஜூன் நடுவில், வழக்கமாகச் சென்னையில் வெயில் கொளுத்தும் நேரத்தில், பெருமழை கொட்டியது உண்மை. 2005 கடைசியிலும் 2015 கடைசியிலும், இன்னொரு கட்சி ஆண்டபோது, தமிழகம் வெள்ளத்தில் மிதந்ததும் உண்மை. உண்மைகளை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் எதிரெதிர் முடிவுக்குப் போகிறார்கள் என்றால், பிழை தகவலில் இல்லை. தகவலிலிருந்து முடிவுக்கு நடந்து போகும் வழியில் எங்கோ இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் பார்ப்போம்.

அரசனையும் மழையையும் சேர்த்துப் பார்ப்பது நமக்கு இன்று நேற்று வந்த பழக்கமில்லை. திருக்குறளின் செங்கோன்மை, கொடுங்கோன்மை அதிகாரங்களிலேயே அரசன் முறை தவறினால் வானம் பொய்க்கும் என்ற கருத்து இருக்கிறது. நீதியாக ஆள வேண்டும் என்று அரசனை நெருக்குவதற்கு அது நல்ல ஆயுதமாக இருந்திருக்கும். ஆனால் அதே சிந்தனை தேர்தல் மேடைக்கு வரும்போது வேறு வேலை செய்கிறது. "எங்கள் ஆட்சியில் விலை குறைந்தது", "அவர்கள் வந்த பிறகு குற்றம் பெருகியது", "இவர் பதவியேற்றதும் பொருளாதாரம் நிமிர்ந்தது". மூன்றிலும் மழை என்ற சொல் இல்லை. வாதத்தின் எலும்புக்கூடு மட்டும் அதேதான்: ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தது, ஆகவே முன்னது பின்னதற்குக் காரணம்.

இதை 'முன்பின் மயக்கம்' என்று சொல்லலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். இந்தியத் தருக்க மரபு அதற்குக் 'காகதாலீய நியாயம்' என்று பெயரே வைத்திருக்கிறது. இத்தனை நூற்றாண்டாகத் தெரிந்த பிழை, ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாக எப்படி ஜெயிக்கிறது?

முதல் காரணம் நினைவு. தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போடுங்கள். ஒரு கட்சி ஆண்டபோது மழை. அதே கட்சி ஆண்டபோது வறட்சி. மற்றக் கட்சி ஆண்டபோது மழை. மற்றக் கட்சி ஆண்டபோது வறட்சி. ராசி உண்மையா என்று சொல்ல நான்கு கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். டீக்கடையில் முதலாமவர் ஒரு கட்டத்தை நிரப்பினார், பெரியவர் இன்னொன்றை நிரப்பினார். 2001 முதல் 2006 வரை நடந்த ஒரே ஆட்சியை எடுத்துக்கொள்வோம். 2002இல் நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 19 சதவீதம் குறைந்தது. 2003, 2004இல் சென்னை ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களோடு அலைந்தார்கள். 2005இல் வெள்ளம். ஆண்ட கட்சி ஒன்றுதான், ராசியும் ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும். நமக்குப் பிடித்த முடிவுக்கு ஒத்துவரும் கட்டத்தை மட்டும் மனம் எடுத்துக் கொடுப்பதை உளவியலில் 'உறுதிப்படுத்தல் சார்பு' என்பார்கள். இது படிக்காதவரின் குறை என்று நினைத்துவிடக் கூடாது. தொலைக்காட்சி விவாதங்களில் புள்ளிவிவரத் தாளோடு உட்காருபவர்களும் ஒரு கட்டத்தை மட்டுமே கொண்டுவருகிறார்கள். தாள் இருப்பதால் அது இன்னும் ஆபத்தாகிறது.

அடுத்தது ஒப்பீடு. "வேறொருவர் ஆண்டிருந்தால் மழை பெய்திருக்குமா?" என்பதுதான் நியாயமான கேள்வி. ஆனால் அந்த 'நடவாத நிலை'யை நம்மால் பார்க்க முடியாது. ஒரே ஆண்டில் ஒரே மாநிலத்தை இரண்டு கட்சி ஆள முடியாதே. அறிவியல் இங்கே ஒரு உபாயம் செய்கிறது: முடிந்தவரை அதே மாதிரி உள்ள இன்னொன்றைத் தேடுகிறது. நம் வடகிழக்குப் பருவமழையைப் பங்கு போட்டுக்கொள்ள அண்டை மாநிலங்கள் இருக்கின்றன. 2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தில் மழை சராசரியைவிட 62 சதவீதம் குறைவு. அதே மாதங்களில் கேரளமும் ஆந்திரத்தின் ராயலசீமாவும் காய்ந்தன. மூன்று மாநிலங்களையும் ஆண்டவை மூன்று வேறு கட்சிகள். அதற்கு முந்தைய ஆண்டு சென்னையோடு சேர்ந்து நெல்லூரும் புதுச்சேரியும் நனைந்தன. மேகத்துக்கு மாநில எல்லை தெரியாது. பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் 'எல் நினோ' ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் சுணங்குகிறது; நமது ஐப்பசி, கார்த்திகை மழையோ கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். 2015இல் இருந்தது அப்படிப்பட்ட வலுவான எல் நினோ.

இவ்வளவும் சொன்னால் பெரியவர் ஒப்புக்கொள்வார். ஆனால் முதலாமவர் ஒரு கேள்வி கேட்பார், அது நல்ல கேள்வி. "சரிண்ணா, ஆனா வறட்சியில ஆட்சி மாறுனா அடுத்த வருஷம் பெரும்பாலும் நல்லாத்தானே ஆவுது? அத நான் கண்ணால பாத்தேனே?"

அவர் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அந்த இடத்துக்காகத்தான்.

எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் பக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. நாமும் ஒரு குடம் எடுப்போம், வீட்டுச் சொம்பே போதும். பத்துத் துண்டுச் சீட்டுகளில் 1 முதல் 10 வரை எழுதிப் போடுங்கள். 1 என்றால் கொடும் வறட்சி, 10 என்றால் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. வீட்டுக் குழந்தையை ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். அது இந்த ஆண்டின் மழை. எண்ணைக் குறித்துக்கொண்டு சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, அடுத்த ஆண்டுக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு விதி: 3 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் மக்கள் கோபத்தில் ஆட்சியை மாற்றிவிடுகிறார்கள்.

சீட்டுகள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 7, 4, 2, 8, 5, 1, 6, 9, 3, 5. முதல் ஆட்சி மாற்றம் 2இல். அடுத்த ஆண்டு 8! இரண்டாவது மாற்றம் 1இல். அடுத்து 6. மூன்றாவது 3இல், அடுத்து 5. மூன்று முறை மாற்றினோம், மூன்று முறையும் மழை கூடியது. கைராசிக்காரர்கள்! ஆனால் சொம்புக்கு யார் ஆள்கிறார்கள் என்றே தெரியாது.

இது நான் வேண்டுமென்றே பொறுக்கிய வரிசை என்று சந்தேகப்படுவீர்கள். சந்தேகப்படத்தான் வேண்டும். எண்ணிப் பார்ப்போம். 1 வந்திருந்தால், அடுத்த சீட்டு அதைவிடப் பெரிதாக இருக்கப் பத்தில் ஒன்பது வாய்ப்பு. 2 என்றால் எட்டு. 3 என்றால் ஏழு. சராசரியாகப் பத்துக்கு எட்டு முறை, புதிய ஆட்சியின் முதல் ஆண்டு பழைய ஆட்சியின் கடைசி ஆண்டைவிட நன்றாக இருக்கும். ஆட்சியை மாற்றாமல் பழையவரையே விட்டிருந்தால்? அப்போதும் பத்துக்கு எட்டுதான்.

புள்ளியியலில் இதற்குப் பெயர் 'சராசரிக்குத் திரும்புதல்'. தற்செயலின் பங்கு உள்ள எந்த அளவிலும், மிகக் கீழே போன ஒன்றுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் நடுப்பகுதியை நோக்கியே வரும். மிக மேலே போனதற்கும் அதே கதிதான். 8, 9, 10 வந்த ஆண்டில் மகிழ்ந்து ஒரு ஆட்சிக்கு மறுபடி வாக்களித்தால், பத்துக்கு எட்டு முறை அடுத்த ஆண்டு குறையும். "ரெண்டாவது தடவை வந்ததும் ராசி போயிடுச்சு" என்ற பேச்சு இங்கிருந்தும் பிறக்கலாம்.

நிஜ மழை சொம்புச் சீட்டைப் போல அவ்வளவு சுத்தமான தற்செயல் இல்லை. கடல் வெப்பம் சில சமயம் ஓர் ஆண்டிலிருந்து அடுத்ததற்குத் தொடரும். ஆனாலும் வடகிழக்குப் பருவமழையின் சராசரி சுமார் 44 செ.மீ. என்றால், அதில் பாதியைக்கூடத் தொடாத ஓர் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அதைவிட மோசமாக இருப்பது அரிது.

இதைக் கண்டுபிடித்தவர் அப்போது மழையை ஆராயவில்லை. பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1880களில் உயரத்தை ஆராய்ந்தார். 205 தம்பதிகள், அவர்களுடைய 900க்கும் மேற்பட்ட வளர்ந்த பிள்ளைகள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டை. மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சற்று உயரம். ஏதோ ஒரு விசை எல்லோரையும் நடுவுக்கு இழுக்கிறதோ என்று தோன்றும். கணக்கைத் திருப்பிப் போட்டால் அந்த மயக்கம் தெளியும். மிக உயரமான பிள்ளைகளை முதலில் பொறுக்கிவிட்டு அவர்களுடைய பெற்றோரை அளந்தால், பெற்றோர்தான் நடுவுக்கு அருகில் இருக்கிறார்கள்! பிள்ளை பெற்றோரைப் பின்னோக்கி மாற்ற முடியாது. ஆகவே அங்கே விசை எதுவும் இல்லை. ஓரத்தில் இருப்பவர்களாகப் பொறுக்கி எடுத்தோமே, அந்தப் பொறுக்கலின் விளைவு அது.

இந்தச் சோதனையை நம் சீட்டு வரிசையிலும் செய்யலாம். 2க்கு முந்தைய ஆண்டு 4. 1க்கு முந்தையது 5. 3க்கு முந்தையது 9. வறட்சிக்குப் பின் வந்த ஆண்டு நன்றாக இருந்ததற்குப் புதிய ஆட்சி காரணம் என்றால், வறட்சிக்கு முன் இருந்த ஆண்டும் நன்றாக இருந்ததற்கு யார் காரணம்? பிரச்சார மேடையில் ஒருவர் "நாங்கள் வந்த பிறகு" என்று வரைபடம் காட்டும்போது, முந்தைய பத்து ஆண்டையும் அதே தாளில் வரையச் சொல்லிக் கேட்டாலே பாதி வரைபடங்கள் நிற்காது.

காக்கைக் கதை இந்த இடத்தில் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. அந்தக் கதையில் காக்கை எப்போதோ தற்செயலாக வந்து உட்காருகிறது. அரசியலில் காக்கை அப்படி வருவதில்லை. பழம் நன்றாகக் கனிந்து காம்பு இற்றுப்போன நேரம் பார்த்துத்தான் வருகிறது. நிலைமை மிக மோசமான போதுதான் நாம் ஆட்சியை மாற்றுகிறோம், அதிகாரியை இடம் மாற்றுகிறோம், பிள்ளையை டியூஷனில் சேர்க்கிறோம். எது செய்தாலும் பலித்தது போலவே தெரியும். கிராமத்தில் மழை வேண்டிக் கொடும்பாவி கட்டி இழுப்பதும் மார்கழி மழையில் இல்லை, கிணறு வற்றிய பிறகுதான்.

இதற்கு நம் இலக்கியத்தில் உள்ள சான்று என்னைத் தூங்கவிடாத ஒன்று. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், கோவலன் கொலைக்குப் பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் சூழ்ந்ததாக வருகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களை ஒரே நாளில் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது, துன்பம் தீர்கிறது. இது வரலாறா, காப்பியக் கற்பனையா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாதத்தின் வடிவத்தை மட்டும் பாருங்கள். துயரம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கூட்டத்தின் மேல் பழி. அதற்குப் பின் நிலைமை மெல்லச் சீராகிறது. ஆகவே பழி சரியானது என்று கதை முடிந்துவிடுகிறது. தேர்தல் காலத்தில் ஏதேனும் ஒரு சமூகத்தைக் காட்டி "இவர்களால்தான்" என்று யாராவது பேசும்போது எனக்கு அந்தப் பொற்கொல்லர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பொருளாதாரப் பேச்சில் இந்த மயக்கத்தின் தம்பி ஒருவன் உண்டு. கொரோனா ஆண்டான 2020-21இல் இந்தியப் பொருளாதாரம் சுமார் 6 சதவீதம் சுருங்கியது. அடுத்த ஆண்டு 9 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. 100 ரூபாய் 94 ஆகி, அது 9 சதவீதம் வளர்ந்தால் நூற்றிரண்டரை ரூபாய். இரண்டு ஆண்டுகளில் இரண்டரை ரூபாய் கூடியிருக்கிறது. ஆளுங்கட்சி 9ஐ மட்டும் சொல்லும், எதிர்க்கட்சி 6ஐ மட்டும் சொல்லும். பள்ளத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்தால் எந்த மேடும் மலைதான்.

சரி, வாக்காளர்கள் நிஜமாகவே மழைக்கு ஓட்டுப் போடுகிறார்களா? இதை எப்படி அறிவது? யாரிடமும் நேரில் கேட்டால் "நான் அப்படியில்லை" என்பார்கள். ஷான் கோல், ஆண்ட்ரூ ஹீலி, எரிக் வெர்க்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தியச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகளையும் மாவட்டவாரி மழை அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழையை எந்தக் கட்சியும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், இயற்கையே நமக்காகச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்த மாதிரி. இதை 'இயற்கைச் சோதனை' என்பார்கள். மழை தப்பிய இடங்களில் ஆளுங்கட்சி வாக்குகளை இழந்தது. அரசு நிவாரணத்தில் வேகமாக இறங்கிய இடங்களில் அந்த இழப்பு குறைந்தது. அதாவது நம் மக்கள் வானத்துக்காகவும் தண்டிக்கிறார்கள், உழைப்பையும் கவனிக்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்தது. வாக்காளர்கள் கணக்கில் எடுத்தது தேர்தலுக்கு முந்தைய ஓர் ஆண்டை மட்டுமே என்பதற்கான தடயங்கள் இருந்தன.

இப்படிப்பட்ட ஆய்வுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் சுறா தாக்கி நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் கடற்கரை மாவட்டங்கள் அதிபர் உட்ரோ வில்சனுக்கு வாக்கைக் குறைத்தன, சுறாவின் கோபத்தை மக்கள் அவர் மேல் காட்டினார்கள் என்று கிறிஸ்டோபர் ஏக்கனும் லாரி பார்ட்டெல்ஸும் எழுதினார்கள். அது பெரும் புகழ் பெற்றது. பிறகு 2018இல் ஆண்டனி ஃபவுலர், ஆண்ட்ரூ ஹால் இருவரும் 1872 முதல் 2012 வரை அமெரிக்காவில் உயிர் பறித்த சுறாத் தாக்குதல்களைத் திரட்டிச் சோதித்தார்கள். சொல்லும்படியான விளைவு எதுவும் தெரியவில்லை. எந்த மாவட்டத்தைக் கடற்கரை மாவட்டம் என்று எண்ணுவது என்பதைக் கொஞ்சம் மாற்றினாலே 1916இன் கணக்கும் இளைத்துப் போனது. வாக்காளரின் முன்பின் மயக்கத்தை ஆராயப் போன அறிஞர்களே ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து மயங்கியிருக்கலாம். இதை நான் அறிவியலின் தோல்வியாக நினைக்கவில்லை. சகாவின் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம் பொது விவாதத்தில் இல்லையே என்ற ஏக்கம்தான் வருகிறது.

இந்த மயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? ஹீலியும் நீல் மல்ஹோத்ராவும் 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று இதைச் சொல்கிறது. பேரிடருக்குப் பின் நிவாரணம் கொடுத்த கட்சிக்கு வாக்கு கூடியது. பேரிடர் வருமுன் தடுப்பு வேலைக்குச் செலவழித்ததற்கு வாக்கு கூடவில்லை. ஆனால் தடுப்புக்குச் செலவிட்ட ஒரு டாலர், பின்னால் வரவிருந்த சேதத்தில் சுமார் 15 டாலரைக் குறைத்திருக்கிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. வராத வெள்ளத்தை யாரும் பார்ப்பதில்லை. அதுவும் ஒரு 'நடவாத நிலை'தான். பார்க்காததற்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. ஓட்டு விழாததை எந்த அரசும் செய்வதில்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை யார் கையிலும் இல்லை. அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் விட்டார்களே, அது மனிதர் கையில் இருந்தது. ஏரியை எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை பிறகு கடுமையாகக் குறைகூறியது. அந்தத் தண்ணீர் கடலுக்குப் போனது. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. வெள்ளத்திலும் சரி, வறட்சியிலும் சரி, டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் நாம் பேசித் தீர்த்தது வானத்தைப் பற்றி. திறப்பு விதிகளைப் பற்றியும் தூர்ந்துபோன வரத்துக்கால்வாய்களைப் பற்றியும் பேசியது கொஞ்சம்தான்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவரிடம், உங்கள் ஊர் ஏரியைக் கடைசியாக எந்த ஆண்டு தூர்வாரினார்கள் என்று கேளுங்கள். மதகு சரியாக மூடுகிறதா, கலங்கலுக்குக் கீழே உபரிநீர் போகும் வழியில் யார் வீடு கட்டியிருக்கிறார்கள், அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அவர் திரும்பி வரும்போது அந்த நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.